வளர்ப்புப் பாம்பின் சட்டை ஏன் துண்டு துண்டாக உரிகிறது?

ஊறவைத்த பாதாமை அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். ஊறாத பாதாமில்? நகத்தால் சுரண்டினாலும் வராது. பாம்புச் சட்டையும் அப்படித்தான்.

சட்டை உரிக்கும் முன், பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரக்கிறது. அப்போது பாம்பின் கண்கள் நீலம் பூத்து மங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா?

கூண்டுக் காற்று வறண்டிருந்தால், பழைய தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; அதனால்தான் முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக உரிகிறது. வால்நுனியில் அது வளையமாக இறுகினால் ரத்த ஓட்டமே தடைபடலாம்.

எப்படித் தடுப்பது? ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்புக்குச் சுமார் 60 சதவீத ஈரப்பதம் ஏற்றது. சூடேற்றும் விளக்கு காற்றை உலர்த்தும். எனவே ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்றை வையுங்கள். ஆனால் தரை சொதசொதவென்று நனைந்தால் வயிற்றுத் தோல் புண்ணாகும்.

ஈரம் காற்றில் இருக்கட்டும். தரையில் தேங்க வேண்டாம்!