சாவிக்குள் மூன்று சாவி

இணையக் கடையில் பார்த்த படத்தில் அச்சு அசலாக நம் கார் சாவிதான். அதே மூன்று பொத்தான், அதே மடக்கும் தகடு, பின்பக்கம் கம்பெனி முத்திரைகூட இருக்கிறது. விலையோ ஷோரூமில் சொன்னதில் கால் பங்கு. வாங்கி, பூட்டுக்கடையில் கொடுத்துத் தகட்டை வெட்டிக்கொண்டு வந்தால் கதவு திறக்கிறது. உள்ளே உட்கார்ந்து திருப்பினால் இன்ஜின் ஒரு நொடி உயிர்பெற்று உடனே அணைந்துவிடுகிறது. மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு மினுக்குகிறது. ரிமோட் பொத்தானை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. மாற்றுச் சாவி வாங்குகிறவர்கள் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான். சாவியின் தோற்றத்தை நாம் பார்க்கிறோம். கார் அதைப் பார்ப்பதே இல்லை.

மடக்குச் சாவி ஒன்றின் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வேலைக்காரர்கள் இருப்பது தெரியும். கதவின் பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் ரேடியோ அட்டை இரண்டாவது. பேட்டரி தேவைப்படுவது இதற்கு மட்டும்தான். மூன்றாவது, இன்ஜினை ஓட அனுமதிக்கும் சிப். பல சாவிகளில் இது ரேடியோ அட்டையோடு ஒட்டாமல், கூட்டின் மூலையில் ஒரு பள்ளத்தில் கருநிறத் துண்டாகச் செருகிக் கிடக்கும். பார்த்தால் உடைந்த பிளாஸ்டிக் சில்லு மாதிரிதான் இருக்கும். மாற்றுச் சாவி என்றால் இந்த மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் வண்டி நகராது, அல்லது அரைகுறையாக வேலை செய்யும்.

சிப்பிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்கிறது. கார் ஏதோ ஓர் எண்ணைச் சிப்பிடம் அனுப்பும். சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணைக் கொண்டு அதைக் குழப்பி விடை அனுப்பும். காரும் தனக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டு விடையும் ஒன்றானால்தான் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி எரிபொருளை விடும். இத்தனையும் நாம் சாவியைத் திருப்பி முடிப்பதற்குள் நடந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கேள்வி மாறுவதால், ஒரு முறை கேட்ட விடையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர்.

இந்தச் சின்னத் துண்டு எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறது என்பதை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. அதன் பயனை நெதர்லாந்தில் ஆராய்ந்த பொருளியலாளர்கள் யான் வான் ஊர்ஸ், பென் வோலார்ட் இருவரும், கார் திருடுபோகும் வாய்ப்பு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது என்று மதிப்பிட்டார்கள். இதற்கு நேர்மாறான பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்களில் 2011 முதல் 2021 வரையிலான பல மாடல்களில் இந்த அமைப்பு இல்லை. யூஎஸ்பி கேபிளின் முனையைக் கொண்டே அவற்றைக் கிளப்பிவிடலாம் என்று காட்டும் காணொளிகள் பரவியதும் திருட்டுகள் பெருகின. 2023 தொடக்கத்தில் ஏறத்தாழ 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, மாற்றுச் சாவியில் சிப் தொல்லை செய்கிறது என்பதற்காக, “இம்மொபிலைசரையே பைபாஸ் செய்துவிடலாம் சார்” என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால் தலையாட்டாதீர்கள். சாவிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்துக் காரின் காவலை விற்பது அது.

சிப்களில் பல குடும்பங்கள் உண்டு. சாவிக் கடைக்காரர்கள் ‘ஐடி46’, ‘ஐடி47’, ‘ஐடி48’, ‘4டி’ என்று சொல்வது இவற்றைத்தான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கார் ஏற்றுக்கொள்ளாது. ஒரே மாடல் காரில்கூட, முகப்பு மாற்றி வந்த புதிய பதிப்பில் சிப் மாறியிருக்கலாம். வண்டியின் பெயரை மட்டும் சொல்லிச் சாவி கேட்பது போதாது என்பது அதனால்தான். தயாரித்த ஆண்டு, மாதம், சேசிஸ் எண் எல்லாம் வேண்டும்.

அடுத்தது ரேடியோ. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கார் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அமெரிக்காவில் பரவலாக இருப்பது 315. ஜப்பானின் உள்நாட்டுக் கார்கள் 312 முதல் 315 வரையிலான பட்டையைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்கத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, ஊருக்கு வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்யும் சாவி இங்கே ஊமையாகிப்போவது இதனால்தான். இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்கே ஓடும் ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து நேரே வந்தவை. எனவே, அதே மாடலுக்கு இந்தியாவில் விற்கும் சாவி யாழ்ப்பாணத்தில் ஓடும் வண்டிக்குச் சேராமல் போகலாம். அதிர்வெண் சாவியின் பின்புறமோ உள்ளே அட்டையின் மேலோ அச்சிட்டிருக்கும்; விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அதிர்வெண் ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி வேறொரு குறியீட்டை அனுப்புகிறது. இதை உருளும் குறியீடு என்பார்கள். உலகெங்கும் பரவிய ‘கீலாக்’ என்ற முறையை எடுத்துக்கொள்வோம். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது அது. சாவிக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் அது ஒன்று கூடும். கூடிய எண்ணைப் பூட்டி அனுப்பும். காரும் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். வந்த எண் அதைவிடப் பெரிதாக, அடுத்த 16க்குள் இருந்தால் உடனே கதவு திறக்கும். வீட்டில் குழந்தை சாவியை எடுத்துக் கண்டபடி அழுத்தி எண்ணி வெகுதூரம் போய்விட்டால், அடுத்தடுத்து இரண்டு அழுத்தல்களைக் கேட்டு, அவை வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தே கார் மீண்டும் ஏற்றுக்கொள்ளும். பழைய எண் வந்தால் கார் கதவைத் திறக்கவே திறக்காது. இப்படிக் கணக்கு வைத்திருக்கும் காரிடம், புதிதாக வந்த சாவியை முறைப்படி அறிமுகம் செய்து வைக்க வேண்டும். கடைக்காரர்கள் ‘கோடிங்’ என்றும் ‘புரோகிராமிங்’ என்றும் சொல்வது இந்த அறிமுகத்தைத்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் ஸ்கேனரைச் செருகிச் செய்வார்கள்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களின் ஸ்மார்ட் சாவியில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். பல கம்பெனிகளின் ஸ்மார்ட் சாவிகள் ஒரு காரோடு சேர்ந்துவிட்டால் அதற்கே கட்டுப்பட்டுவிடும். மறுபடி துடைத்தால் ஒழிய வேறு காருக்குப் போகாது. ‘பயன்படுத்திய அசல் சாவி’ என்று மலிவாக வருகிறவற்றில் துடைக்காதவையும் இருக்கும். அசல் என்ற சொல்லை நம்பி அதை வாங்க வேண்டாம்.

இன்னொரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஸ்மார்ட் சாவியின் அலையை இடையில் வாங்கி நீட்டித்து, சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்பவைக்க முடிந்தது. பத்தும் ஏமாந்தன. அதன் பிறகு, அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகள் வந்தன. உங்கள் காருக்கு இரண்டு வகையும் பொருந்துமானால், விலை கொஞ்சம் கூடினாலும் தூங்கும் சாவியையே கேளுங்கள்.

வாங்கப் புறப்படும் முன், உண்மையிலேயே புதுச் சாவி தேவையா என்று பார்த்துவிட வேண்டும். கிட்டே போனால்தான் திறக்கிறது என்றால் பேட்டரி தளர்ந்திருக்கும். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர்2032. இதில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 போட்டால் தடிமன் குறைந்து தொடர்பு விட்டுவிட்டு வரும். கழற்றிய பேட்டரியை மேசையில் வைத்துவிட்டு நகராதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ரப்பர் பொத்தான் கிழிந்து, கூடு உடைந்திருந்தால், சில நூறு ரூபாய்க்கு வெறும் கூடு வாங்கிப் பழைய அட்டையை மாற்றிக்கொள்ளலாம். அப்போது மூலையில் இருக்கும் அந்தக் கருநிறச் சிப்பையும் நெம்பி எடுத்துப் புதுக் கூட்டில் வைக்க வேண்டும். அதை மறந்து பழைய கூட்டைக் குப்பையில் போட்டவர்கள், கதவு திறக்கும், வண்டி கிளம்பாது என்ற நிலையில் குப்பைத் தொட்டியைக் கிளறியிருக்கிறார்கள்.

சாவி தொலைந்தே போனால்? ஷோரூமிலேயே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தொழில் தெரிந்த, நிலையாகக் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரரிடம் பல கார்களுக்கு நல்ல சாவி கிடைக்கும். சேசிஸ் எண்ணும் ஆர்சி புத்தகமும் கேட்காமல் சாவி செய்துதர முன்வருகிறவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர் திருடனிடமும் கேட்கமாட்டார். கோடிங் முடிந்ததும் ஸ்கேனர் திரையைக் காட்டச் சொல்லுங்கள். காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பல வண்டிகளில் அதில் தெரியும். கையில் இரண்டு சாவி இருக்கும்போது மூன்று என்று காட்டினால், தொலைந்த சாவிக்கும் கார் இன்னும் கிளம்பும் என்று பொருள். அதை அழிக்கச் சொல்ல வேண்டும். அழித்தாலும் பழைய தகடு கதவைத் திறக்கும். எனவே சாவி திருடுபோயிருந்தால் பூட்டையும் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது எளிது, செலவும் குறைவு. எல்லாச் சாவியும் போன பிறகு சில வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கணினியையே கழற்றவோ மாற்றவோ வேண்டிவரும். வண்டியை இழுத்துச்செல்லும் கூலி தனி. கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்கின்றன. ஆகவே பாலிசி புதுப்பிக்கும்போது சாவி மாற்றுச் செலவுக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கார் வாங்கிய அன்று சாவியோடு எண் பொறித்த சிறு தகடு கொடுத்திருந்தால், அதைச் சாவிக்கொத்தில் மாட்டாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைக் கொண்டே புதுத் தகடு வெட்டலாம். ஒரே ஒரு சாவியோடு கார் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அது தொலைவதற்கு முன்பே இந்த மாதமே இரண்டாவதைச் செய்துவிடுங்கள்.