கலைக்குரிய பொருள் நம் காலடியில்



ஓவியப் பாட வேளையில், "விரும்பியதை வரையுங்கள்" என்று கூறிவிட்டால், பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சிதான் தோன்றும். முக்கோண மலைகள் இரண்டு. நடுவே பாதிச் சூரியன். கீழே ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. இக்காட்சியை வரைந்த பிள்ளை அதனை எங்கும் கண்டதில்லை. நம் சிம்பாங் பூலாய்ச் சுண்ணாம்புக் குன்றுகளோ முக்கோணமானவை அல்ல. அவை செங்குத்தாக எழுந்து, உச்சியில் புதர் அடர்ந்து, வெட்டுண்ட பக்கத்தில் வெண்மையும் சாம்பலும் துருநிறமும் வழிய நிற்கின்றன. மழை பெய்து ஓய்ந்தபின் அவற்றின் நிறமே வேறு. இவற்றைத் தினமும் காண்கின்ற நாம், நாட்காட்டிப் படத்தில் உள்ள மலையையே வரைகிறோம்!

கலைஞனுக்கு எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாவிற்கு விடை நம் அருகிலேயே உள்ளது. ஈப்போவை அடுத்த தம்பூனில், சுண்ணாம்புப் பாறைச் சுவரொன்றில் மிகப் பழைய ஓவியங்கள் உள்ளன. அவை 1959-ஆம் ஆண்டில் வெளியுலகின் கவனத்திற்கு வந்தன. அவற்றை வரைந்தோர் பள்ளி கண்டவர் அல்லர். கடையில் வண்ணம் வாங்கியவரும் அல்லர். இரும்புச்சத்து மிகுந்த செந்நிறக் கல்லையே வண்ணமாக்கி, தாம் அறிந்த விலங்குகளையும் மனிதரையும் தீட்டினர்.

நம் காலத்துச் சான்றும் உண்டு. 'லாட்' என்று நாடறிந்த கேலிச்சித்திரக் கலைஞர் முகமது நோர் காலிட், 1951-இல் கோப்பெங் அருகேயுள்ள கோத்தா பாரு என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஈப்போவில் தொடக்கப் பள்ளியில் பயின்றபோது, திருமதி மொய்ரா ஹியூ என்னும் ஆசிரியை வகுப்புப் பாடங்களுக்குப் படம் வரையச் சொல்லி அவரை ஊக்குவித்தார். பதின்மூன்று வயதிலேயே அவருடைய சித்திரக்கதை அச்சேறியது. 1979-இல் வெளிவந்த அவரது 'கம்போங் பாய்' நூல் பல நாடுகளில் படிக்கப்படுகிறது. அதில் அரசரும் இல்லை, போரும் இல்லை. ஆற்றில் குளிக்கும் சிறுவர், மீன் பிடித்தல், ரப்பர் மரங்கள், ஊரோரத்தில் ஈயம் தோண்டும் கப்பல் ஆகியவையே உள்ளன. அவற்றை அவர் உற்றுப் பார்த்திருந்தார். அவ்வளவுதான் வேறுபாடு.

நம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பால் வெட்டும் தொழிலாளி மரத்தில் இடும் கோட்டைக் கவனித்ததுண்டா? இடப்புறம் மேலே தொடங்கி, வலப்புறம் கீழே சரிந்து, மங்கினை நோக்கி இறங்கும் கோடு அது. ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டைச் சீவல் ஒன்றே கழிய வேண்டும். உளி ஆழ்ந்து இறங்கினால் மரம் காயமுறும். பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். எனவே முதிர்ந்த மரத்தின் தண்டைக் கண்டாலே, வெட்டியவர் கை எத்தகையது என்று கூறிவிடலாம். விடியற்காலை இருளில், தலையில் விளக்குடன், நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாது அக்கோட்டை இட்ட கைகளை ஓவியக் கைகள் அல்ல என்று யார் கூற முடியும்?

ரப்பர் கொட்டைகளையும் பாருங்கள். நான்கைந்து மரங்களின் அடியில் பொறுக்கி, தனித்தனியே வைத்து, அவற்றின் மேலுள்ள பழுப்புப் புள்ளிகளை வரையுங்கள். ஒரே மரத்துக் கொட்டைகள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். வேற்று மரத்தவை வேறுபடும். கொட்டையின் ஓடு தாய்மரத்தின் பகுதியினால் உருவாவதே காரணம். ஓவியம் வரையப்போன பிள்ளை தாவரவியலும் கற்றுவிடுகிறான்! "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று வினவும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வாசலில் புள்ளி பிசகாமல் கோலமிடும் தாய்மாரிடம் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். நம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல அழிந்து, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால் வெட்டும் உளியை நேரில் காணாத பிள்ளைகள் இன்று உள்ளனர். லாட் தம் சிற்றூரைத் தாளில் ஏற்றிவிட்டார். நம் லயத்து வீடுகளையும், பால் வாளிகளையும், பிரட்டுக் களத்தையும் யார் ஏற்றப் போகிறார்கள்? அவற்றை அறிந்த பாட்டனும் பாட்டியும் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆதலின் இவ்விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். தாத்தாவிடம் உளியைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். உளி இல்லையெனில் ஒரு கரண்டியே போதும். கை தானாக அந்நிலைக்கு வரும். ஐந்து நிமிடம் பார்த்தபின்னரே பென்சிலை எடுங்கள். அழிப்பான் வேண்டாம். விரல்கள் கோணலாக அமைந்தாலும் குற்றமில்லை. அடுத்த தாளில் மீண்டும் வரையலாம். ஒருபக்கம் அச்சாகி மறுபக்கம் வெறுமையாயுள்ள தாள்களைப் பள்ளி அலுவலகத்தில் சேர்த்து வைத்துள்ளோம். வேண்டிய மட்டும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.