உங்களுக்குத் தெரியுமா? மும்பையில் பிறந்த நாஞ்சில் நாட்டு நாவல்

நாஞ்சில் நாட்டு வயலும் சம்பந்திச் சண்டையும் மணக்கும் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலை நாஞ்சில் நாடன் எழுதியது மும்பையில் இருந்தபோதுதான்! வீரநாராயணமங்கலத்தில் 1947 டிசம்பர் 31-இல் பிறந்த அவர் (இயற்பெயர் க. சுப்பிரமணியம்), 1972-இல் வேலைக்காக பம்பாய் வந்தார். 1975-இல் முதல் சிறுகதை 'விரதம்', நா. பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் வந்தது. நாவல் 1977-இல். வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டில் மரியாதை இழக்கும் ஏழைப் பட்டதாரி சிவதாணுவின் கதை அது. 2002-இல் தங்கர் பச்சான் அதை 'சொல்ல மறந்த கதை' என்ற படமாக்கினார், நடித்தவர் சேரன்.

சரி, பம்பாய் எங்கே? பின்னாளில் எழுதிய நாவல்களில் வந்தது. வேலை தேடி அலையும் படித்த இளைஞனைப் பின்தொடரும் 'மிதவை', கல்யாணமே ஆகாமல் வயது கடந்துபோகும் நாராயணனின் 'சதுரங்கக் குதிரை', ஊரைவிட்டு ஓடி பம்பாய் வந்து சேரும் பூலிங்கத்தின் 'எட்டுத் திக்கும் மதயானை'. தாராவிக்கும் செம்பூருக்கும் பிழைக்க வந்தவர்களுக்கு இந்த மூவரும் அந்நியர் அல்லர். சயானிலுள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' இதழிலும் அவருக்குப் பங்குண்டு.

1989-இல் கோவைக்கு மாறினார். 2010-இன் சாகித்ய அகாதமி விருது, நாவலுக்கு அல்ல, 'சூடிய பூ சூடற்க' சிறுகதைத் தொகுப்புக்கு!