ஓர் 'இல்'லுக்கு மூன்று சொற்கள்

கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை பாறையில் நிற்கிறது. அந்தப் பாறை கடலில் இருக்கிறது. சூரிய உதயத்தை நாம் குமரி முனையில் காண்கிறோம். மூன்று தொடர்களுக்கும் தமிழில் 'இல்' என்னும் ஓர் உருபே போதுமானது. ஆங்கிலத்திலோ சிலை பாறைமீது நிற்பதால் 'ஆன்', பாறை கடலால் சூழப்பட்டிருப்பதால் 'இன்', முனை ஒரு புள்ளியாகக் கருதப்படுவதால் 'அட்' என மூன்று சொற்கள் வேண்டும். அத்துடன் முடியவில்லை. கடலில் நீந்துபவர் 'இன் தி சீ'. குளச்சலிலிருந்து விசைப்படகில் புறப்பட்டுப் பல நாள்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர் 'அட் சீ'.

நாஞ்சில் நாட்டுக்கு ஆங்கிலம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷனரிகள் பள்ளிகளைத் தொடங்கினர். நாகர்கோவில் செமினரி 1893-இல் கல்லூரியாக உயர்ந்து, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக விளங்குகிறது. இவ்வளவு நீண்ட மரபுக்குப் பின்னரும், நன்கு படித்தவர்களின் ஆங்கிலம் இடறும் இடம் பெரும்பாலும் இந்தச் சின்னஞ்சிறு முன்னிடைச்சொற்களாகவே இருப்பதைக் காண்கிறேன். இது கவனக்குறைவால் நேர்வது என்று ஆசிரியர்கள் பலர் கடிந்துகொள்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. இந்தப் பிழைகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதன் வேர் நம் வேற்றுமை உருபுகளில் உள்ளது.

உருபுகள் மயங்கும் என்பதை நம் இலக்கணிகள் என்றோ உணர்ந்திருந்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து 'வேற்றுமை மயங்கியல்' என்றே ஓர் இயல் இருக்கிறது. (அந்நூலின் சிறப்புப் பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டு ஆசான், இம்மாவட்டத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்று கருதுவோர் உண்டு. அது உண்மையாயின், வேற்றுமை மயக்கம் பற்றிய முதல் விவாதத்தில் குமரி மண்ணுக்கும் பங்கு உண்டு.)

'ஆல்' உருபைப் பாருங்கள். 'கத்தியால் நறுக்கினாள்' என்பதில் அது கருவி. 'அவளால் நறுக்கப்பட்டது' என்பதில் கருத்தா. ஆங்கிலம் கருவிக்கு 'வித்' என்றும் கருத்தாவுக்கு 'பை' என்றும் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் சிந்திப்பவர் 'கட் பை எ நைஃப்' என்று சொல்லிவிடுவது இயல்பே. 'அவன்மேல் கோபம்' என்பது 'ஆங்கிரி ஆன் ஹிம்' ஆவதும், 'கணக்கில் கெட்டிக்காரி' என்பது 'குட் இன் மேத்ஸ்' ஆவதும் இதே வழியில்தான். ஆங்கிலேயர் முதலதில் 'வித்', இரண்டாவதில் 'அட்' என்பர்.

வினைச்சொற்களின் கதை சற்று வேறு. நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம். அதனால் 'டிஸ்கஸ் அபௌட்' பிறக்கிறது. ஆனால் அந்த ஆங்கில வினை 'பற்றி' என்பதைத் தன்னுள்ளேயே அடக்கியிருக்கிறது. மாறாக, 'பாட்டைக் கேட்டேன்' என்பதில் நமக்கு இரண்டாம் வேற்றுமை போதும். ஆங்கிலத்தின் 'லிசன்' மட்டும் 'டு' இல்லாமல் நகராது. இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது அந்த மொழியின் வழக்கு. 'டிபெண்ட்' என்று தனியாக மனப்பாடம் செய்யாமல் 'டிபெண்ட் ஆன்' என்று ஒரே சொல்லாகப் பழகிக்கொள்வதே வழி. பள்ளிக் கையேடுகள் முன்னிடைச்சொற்களை மட்டும் தனியே பிரித்துப் பட்டியலிடுவது, கொக்கியைக் கொடுத்துவிட்டுக் கதவை மறைத்து வைப்பதற்கு ஒப்பானது.

இது தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடும் சிக்கல் அன்று. இம்மாவட்டத்திலிருந்து செவிலியர் பலர் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வில், நோயாளியின் குறிப்புகளைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவதும் ஒரு பகுதி. 40 மில்லிகிராம் மருந்து உட்கொள்ளும் ஒருவருக்கு 'ரெட்யூஸ் பை 10' என்று எழுதினால் மிஞ்சுவது 30. 'ரெட்யூஸ் டு 10' என்றால் கொடுக்க வேண்டியதே 10. இரண்டுக்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு. ஓர் ஈரெழுத்துச் சொல் மாறினால் மருந்தின் அளவே மாறிவிடுகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த இடத்தில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. 'பத்து குறைக்க' என்பதும் 'பத்தாகக் குறைக்க' என்பதும் நமக்கு ஒருபோதும் மயங்குவதில்லை. காலத்திலும் அப்படியே. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று தமிழில் சொல்லத் தோன்றினால் ஆங்கிலத்தில் 'பை'. 'வெள்ளிக்கிழமை வரை' என்று தோன்றினால் 'அன்டில்'. மருந்தை வெள்ளி வரை தொடர்ந்து கொடுப்பதும், வெள்ளிக்குள் கொடுத்து முடிப்பதும் ஒன்றல்ல. 'மூன்று நாள்களாகக் காய்ச்சல்' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'; 'திங்கள் முதல் காய்ச்சல்' என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதுபவர், தமிழில் 'மூன்று நாள் முதல்' என்று தாம் சொல்வதில்லை என்பதை நினைத்துப் பார்த்தாலே பேனா நின்றுவிடும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'இரண்டு வாரத்தில் வாருங்கள்' என்பது தமிழில் இருபொருள்படும். ஆங்கில மருத்துவர் 'இன் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரம் கழிந்ததும் வரச் சொல்கிறார். அதற்குள் எந்த நாளிலும் வரலாம் என்பதற்கு 'விதின்' இருக்கிறது. இங்கே 'இல்' என்று மொழிபெயர்ப்பதை விட்டு, 'கழித்து' என்றோ 'உள்' என்றோ முடிவு செய்த பிறகே எழுத வேண்டும்.

எனவே தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. தமிழ் பிரித்துக் காட்டும் இடங்களில் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். தமிழ் ஒன்றாக்கும் இடங்களில் மட்டும், பொருள் பரப்பின்மீது இருக்கிறதா, எல்லைக்குள் இருக்கிறதா, ஒரு புள்ளியில் இருக்கிறதா என்று மனத்தில் படம் வரைந்து பார்க்க வேண்டும். 'அலர்ஜிக் டு', 'அட்மிட்டட் டு', 'டிஸ்சார்ஜ்டு ஃப்ரம்' போன்றவை வழக்கால் வருபவை. கற்போருக்கான நல்ல அகராதி ஒவ்வொரு சொல்லோடும் அதன் துணையைக் காட்டும். வார இறுதிக்கு 'அட்' சரியா, 'ஆன்' சரியா என்று யாரேனும் மடக்கினால் கவலை வேண்டாம். முன்னது பிரிட்டன் வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு. அவர்களுக்குள்ளேயே இன்னும் தீராத வழக்கு அது.