2 விநாடியும் 29,500 ரூபாயும்

கிராபிக்ஸ் கார்டுக்கு விண்டோஸ் தரும் அவகாசம் 2 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு மீளும். 60 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் இது நேர்ந்தாலோ, மீட்சியே கைகூடாவிட்டாலோ நீலத்திரை வரும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் திருமண ஆல்பம் வடிவமைப்பவருக்கு முகூர்த்த நாளின் முந்தைய இரவில் இது நேர்ந்தால், முதலில் காதில் விழும் தீர்ப்பு ‘கார்டு போச்சு’ என்பதே. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 2021இல் இந்தியாவுக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 29,500 ரூபாய். அவ்வளவு செலவழிக்குமுன் கணக்குப் பார்ப்பது நல்லது.

டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ ஆகும் செலவு 0 ரூபாய். விண்டோஸ் விஸ்டாவின் செயலிழப்புகள் குறித்த மைக்ரோசாஃப்டின் 2007ஆம் ஆண்டுக் கணக்கு, அமெரிக்க வழக்கொன்றில் வெளியானது. அதில் என்விடியா டிரைவர்களின் பங்கு 28.8%, அதாவது 4,79,326 செயலிழப்புகள். மற்றொரு கிராபிக்ஸ் நிறுவனமான ஏடிஐயின் பங்கு 9.3%. இரண்டும் சேர்ந்து 38.1%, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கோ 17.9%. விஸ்டா அப்போது புதியது. இந்த விகிதத்தை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சோதனையை எங்கே தொடங்குவது என்பதற்கு இது போதும்.

அடுத்தது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மேற்சொன்ன கார்டுக்கு வேண்டியது 170 வாட்; 12 வோல்ட்டில் 14.2 ஆம்பியர். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய வாட் எண் இருந்தாலும், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அந்தத் தடத்தில் கிடைப்பது 192 வாட். 65 வாட் பிராசஸர் சேர்ந்தால் தேவை 235 வாட். குறைவது 43 வாட். இணையம் பார்க்கையில் சீராக ஓடும் கணினி, வீடியோ ரெண்டர் செய்கையில் மட்டும் அணைந்தால் முதலில் படிக்க வேண்டியது இந்த லேபிளைத்தான்.

மின்சாரம் ஒரு கணம் விட்டுவந்தால், முழுச் சுமையில் எஸ்.எம்.பி.எஸ். தாங்க வேண்டிய நேரமாக அதற்கான ஏடிஎக்ஸ் வடிவமைப்புக் கையேடு பல ஆண்டுகள் குறித்தது 16 மில்லிவிநாடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. ஒரே ஒரு சுழற்சி தவறினாலும் 4 மில்லிவிநாடி துண்டு விழுகிறது. சுமை குறைவாக இருந்தால் இன்னும் சற்றுத் தாங்கும்.

மூன்றாவது சந்தேகம் வெப்பம். திருச்சியில் பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி ஜனவரியில் சுமார் 30 டிகிரி செல்சியஸ், மே மாதத்தில் சுமார் 38. கார்டு அறைக்காற்றைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று கொண்டால், ஜனவரியில் 80, மே மாதத்தில் 88. இந்தக் கார்டின் உச்ச வரம்பு 93 டிகிரி. 13 டிகிரியாக இருந்த இடைவெளி 5 ஆகிறது, 62% இழப்பு. வரம்பை நெருங்கும் கார்டு முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும் என்பதால் எல்லாப் பழியையும் வெயில் மேல் போட முடியாது. ஆயினும் மின்விசிறியில் தூசி அடைந்திருந்தால் அந்த 5 டிகிரியும் மிஞ்சாது. துவாக்குடி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் மீக்கணினி ‘பரம் பொருள்’ திரவக் குளிர்விப்பில் ஓடுகிறது. ஸ்ரீரங்கத்து மேசைக் கணினிக்கு அந்த வசதி இல்லை. பிரஷும் ஊதுகுழலும் இருக்கின்றன.

கடைக்குப் போகுமுன் விண்டோஸ் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். நிகழ்வு எண் 4101 என்றிருந்தால் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. 41 என்றிருந்தால் அதனுள் உள்ள பிழை எண்ணையும் பாருங்கள்: 278 கிராபிக்ஸ் பக்கம் கைகாட்டும்; 0 என்றால் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் தேட வேண்டும். அந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து, 29,500 ரூபாயைக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் காட்டுங்கள்.