தேனுக்காக மூடப்பட்ட விமான நிலையம்

2010 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள பேக்கர்ஸ்ஃபீல்டு விமான நிலையம் மூடப்பட்டது. காரணம், தோட்டக்காரர் ஒருவரின் பெட்டியில் இருந்த ஐந்து போத்தல் தேன்! பெட்டியைத் துடைத்துச் சோதித்த கருவி, ‘வெடிபொருள்’ என்று எச்சரித்தது. போத்தலைத் திறந்த அதிகாரிகள் இருவருக்குக் குமட்டல் வேறு.

மாணவர்களே, அந்தக் கருவிக்குத் தேனும் தெரியாது, குண்டும் தெரியாது. துடைத்த துணியில் ஒட்டிய துகள்களைச் சூடாக்கி ஆவியாக்கும். மின்னேற்றம் கொடுத்து ஒரு குழாய்க்குள் ஓடவிடும். அவை மறுமுனையை அடையும் நேரம் வெடிபொருளின் நேரத்தோடு ஒத்துப்போனால் மணி அடித்துவிடும். வேறொரு மூலக்கூறும் அதே நேரத்தில் வந்து சேரலாமே! கைக்களிம்பிலுள்ள கிளிசரின்கூட இப்படி மணியடிக்க வைப்பதுண்டு.

பிறகு நடந்த சோதனையில் அது வெறும் தேன் என்று தெரிந்தது. அதற்குள் அந்தத் தோட்டக்காரர்தான் விசாரணைக்கு உட்கார வேண்டியிருந்தது.