நிறுத்தும் பொத்தான் எங்கே?

எதையும் திறக்காதபோதும் பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னுகிறது; இன்டெக்ஸிங்கை நிறுத்தினால் கணினி பறக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்கிறார் ஒரு வாசகர். பறக்காது. ஆனால் அவருடைய கணினி கொஞ்சம் மூச்சு விடலாம்.

கல்யாண வீட்டு மொய் நோட்டு, வந்தவர் வரிசையில் எழுதப்படுகிறது. திருப்பிச் செய்யும் நாளில் உசிலம்பட்டிக்காரர்கள் யார் யார் என்று பார்க்க, முழு நோட்டையும் புரட்ட வேண்டும். ஊருக்கு ஒரு பக்கம் என்று இரண்டாவது நோட்டு போட்டுவிட்டால் ஒரே பக்கத்தில் விடை கிடைக்கும். இன்டெக்ஸிங் என்ற பெயரில் கணினி போடும் அட்டவணை இந்த இரண்டாவது நோட்டுதான். கோப்புகளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம், அதில் அந்தச் சொல் வரும் கோப்புகளின் எண்கள். தேடுவது நொடியில் முடிகிறது, எழுதுவதில்தான் பாடு. ஒரே விருந்தாளியை ஊர், தெரு, உறவு, தொழில் என்று ஆயிரம் பக்கங்களில் பதிய வேண்டும், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அறை பீரோவில் இருக்கிறது, அவர் தொகையைத் திருத்தினால் மறுபடியும் எல்லா அறைக்கும் ஓட வேண்டும் என்றால்?

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கே 4 மில்லிநொடி ஆகும். டிஸ்க்கைப் படிக்கும் முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 100 இடங்களைத்தான் தொட முடியும். ஆயிரம் வெவ்வேறு சொற்கள் உள்ள ஒரு கோப்பை உடனுக்குடன் பதிந்தால் 10 நொடி போய்விடும். அதனால் நல்ல நிரல் அப்படிப் பதிவதில்லை. புதிய பதிவுகளை நினைவகத்தில் சேர்த்து, அகர வரிசையில் அடுக்கி, பழைய அட்டவணையோடு ஒரே ஓட்டமாக இணைத்து எழுதுகிறது. முள் அங்குமிங்கும் தாவாமல் நேராக ஓடுகிறது. எந்தக் கோப்பு மாறியது என்று டிஸ்க் முழுதும் தேடவும் வேண்டாம்: விண்டோஸில் என்டிஎஃப்எஸ் மாற்றக் குறிப்பேடும், லினக்ஸில் ஐநோட்டிஃபையும் அதைச் சொல்லிவிடும். இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

கணினிக் கோப்புகளுக்குள் இப்படித் தேடுவதன் வரலாறு சுருக்கமாக: 2004-இல் கூகுள் டெஸ்க்டாப், 2005-இல் ஆப்பிளின் ஸ்பாட்லைட். 2007-இல் விண்டோஸ் விஸ்டா இதைப் பொதுவழக்கமாக்கியது.

அழகு இருக்கட்டும், அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருடையது? 2014-இல் லினக்ஸில் இயங்கும் கேடிஇ டெஸ்க்டாப்பின் 4.13 பதிப்பு, பலூ என்ற புதிய தேடலைக் கொண்டுவந்தபோது அமைப்புப் பக்கத்தில் நேரடியாக நிறுத்தும் பொத்தான் இல்லை. முகப்புக் கோப்புறை முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பயனர்கள் கொதித்தது நியாயம். நிரல் எவ்வளவு இலகுவானதாக இருந்தாலும் கணினி அவர்களுடையது. அட்டவணையில் நம் கடிதங்களின் சொற்களே அடங்கியிருப்பதால் இது வேகத்தைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல.

வாசகரின் கேள்விக்கு வருவோம். முள் இல்லாத எஸ்எஸ்டி உள்ள கணினியில் இன்டெக்ஸிங்கை நிறுத்துவதால் பெரிய லாபம் இல்லை. கோப்புக்குள் சொல் தேடும்போது நஷ்டம்தான். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் விண்டோஸின் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் தேவையற்ற கோப்புறைகளை விலக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' சேவையை நிறுத்தி, 'டிசேபிள்ட்' என்று மாற்றுங்கள்.